பின்னால் நிற்க ஓர் ஆள்

கிரீன் சர்க்கிளில் கைகாட்டி நிறுத்திய போலீஸ்காரர்
ஃபைன் போடவில்லை.
"லெஃப்ட் சைடு செத்துப் போச்சும்மா,
பிரேக் அடிச்சா இண்டிகேட்டர் முழிக்குது.
எத்தனை நாளா?"
எனக்கு எப்படித் தெரியும்?
ஓடும்போது என் காரின் முதுகை
நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆற்காடு ரோடு கடையில் முழு செட் இரண்டாயிரத்து எண்ணூறு,
பல்பு மட்டும் நாற்பது.
நாற்பதோடு வந்தேன்.

தோட்டப்பாளையம், ஞாயிறு மதியம், வாசல்.
டிக்கியைத் திறந்தால் இரண்டே ஸ்க்ரூ.
இரண்டாவதன் தலை மழுங்கியிருந்தது.
நடுவில் ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருப்ப
அரை மனதாக அசைந்தது.
விளக்கைப் பக்கவாட்டில் நெம்பக் கூடாது,
நேராகப் பின்னால் இழுக்க வேண்டும்.
ஒரு கிளிப்பை உடைத்த பிறகு தெரிந்துகொண்டேன்.

உள்ளே அரை டம்ளர் தண்ணீர்.
போன ஐப்பசி மழை.
பாலாற்றிலேயே இல்லாததை
ராணிப்பேட்டை கம்பெனிக்கும் வீட்டுக்கும்
இத்தனை மாதம் சுமந்து திரிந்திருக்கிறேன்,
செத்த எறும்புகளோடு.

சிவப்புக் கண்ணாடியைக் கழுவி
மொட்டை மாடியில் கவிழ்த்தேன்.
கத்திரி வெயில்.
இந்த ஊர் வெயிலுக்கு முதல் தடவையாக
ஒரு வேலை கொடுத்தேன்.
கால் மணியில் முடித்துவிட்டது.

பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால்
இரண்டு இழையும் உயிரோடு.
மெல்லியது இருக்கிறேன் என்பதற்கு,
தடித்தது நிற்கிறேன் என்பதற்கு.
நாற்பது ரூபாய் வீண்.

குற்றம் எர்த்தில்.
கறுப்பு ஒயரின் முனை பச்சை பூத்து
எதையும் தொடாமல் தொங்கியது.
திரும்பிப் போக வழி இல்லாத கரண்ட்
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது.
அதைத்தான் அவர் முழிப்பு என்றார்.
உப்புத்தாளால் தேய்த்தேன், முனையை வெட்டிப் புதிதாக முறுக்கினேன்,
உடைந்த கிளிப்புக்கு சிலிக்கான் பூசினேன்.

பிறகுதான் சிக்கல்.
மிதித்தால் பார்க்க முடியாது.
பார்க்க இறங்கினால் அணைந்துவிடும்.
தனியாக இருப்பதில் இந்த நாலு வருடத்தில்
எனக்கு இப்படி ஒரு குறை வந்ததில்லை.

மேல் போர்ஷன் பால்கனியில் லுங்கி உலர்த்திக்கொண்டிருந்தார்
தபன் ஹாஜ்ரா. பர்தமான்காரர்.
மனைவி மிதாலி வார்டில், ஆறு வாரமாக.
அவருக்குத் தெரிந்த தமிழ்:
எவ்வளவு, வலி, நாளைக்கு, இல்லை.
கையசைத்தேன். இறங்கி வந்தார்.
காரின் பின்னால் நிற்க வைத்துவிட்டு
உள்ளே போய் மிதித்தேன்.

சத்தமில்லை.
பிறகு, "ஜொல்சே!"
விட்டேன். ஒன்றும் சொல்லவில்லை.
மிதித்தேன். "ஜொல்சே, திதி, ஜொல்சே!"
அந்தச் சொல் எனக்குத் தெரியாது.
கண்ணாடியில் அவர் வெள்ளை பனியன்
சிவந்திருப்பது தெரிந்தது.

தேவைக்கு மேல் நாலைந்து முறை மிதித்தேன்.
ஆறு வாரமாக எல்லா கவுண்ட்டரிலும்
அவர்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.
இன்று அவரை ஒருத்தி கேட்கிறாள்,
பதிலும் அவருக்குத் தெரிகிறது.

இறங்கி வந்தபோது
வலது விளக்கைத் தட்டி முகம் சுளித்தார்:
கழுவிய இடதுக்கு முன் அது மங்கலாம்.
"அடுத்த ஞாயிறு" என்றேன்.
ஞாயிறு அவருடைய நாலு சொல்லில் இல்லை.
"நாளைக்கு?" என்றார்.
மணி மூன்றே முக்கால்.
செருப்பை மாட்டிக்கொண்டு
ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்,
கையில் கிரீஸ் கறையோடு.