ஆறாவது வரி

ஹல் நகரம், வியாழக்கிழமை, பதினொன்றரை மணி.
ஹம்பர் ஆற்றின் சேற்று நிறத்தில் தேநீர்.
மேசைமேல் இன்னும் தோண்டாத கிணறு:
கழிவுநீர் ஏற்று நிலையம், ஏழு மீட்டர் ஆழம்,
அடியில் இரண்டு பம்பு,
சுவரோரம் பென்சிலால் யாரோ போட்ட ஏணி.

"அடைத்துக்கொண்டால் யார் இறங்குவது?"
"பராமரிப்பு ஆட்கள்," என்றார் கீத்.
பன்மையில் சொல்லிவிட்டால்
முகம் வரைய வேண்டியதில்லை.

அட்டவணையில் அது ஆறாவது வரி.
வாய்ப்பு இரண்டு, கேடு ஐந்து,
பெருக்கினால் பத்து. பத்துக்கு மஞ்சள்.
எதிர்க்கட்டத்தில்: முகக்கவசம், பயிற்சி, எச்சரிக்கைப் பலகை.
மஞ்சள்தானே என்று ஏழாவதுக்குப் போகப் பார்த்தார்கள்.
சாப்பாட்டு நேரம் வேறு.

நான் தூத்துக்குடிக்காரி.
எங்கள் பக்கம் இந்தக் கேள்வியை
வரைபடத்தில் கேட்டவர் குறைவு,
மறுநாள் செய்தித்தாளில் கேட்போம்.
மூன்றாம் பக்கம், இரண்டு பெயர்:
முதலில் இறங்கியவர்,
அவரைத் தூக்க இறங்கியவர்.

இதை நான் அங்கே சொல்லவில்லை.
அழிப்பானை எடுத்தேன்.

ஓர் ஏணியை அழித்தால்
மேலே என்னென்னவோ முளைக்கிறது.
பம்பை நேராக ஏற்ற இரு வழிகாட்டிக் கம்பி,
சங்கிலி, பாரந்தூக்கி,
திறந்த வாய்க்கு ஓர் இரும்பு வலை,
லாரி நின்று திரும்ப நாலு மீட்டர் நிலம்.
அந்த நாலு மீட்டரில்
ஃபிலிப்பா ஒரு செர்ரி மரம் வைத்திருந்தாள்.
"மரம்," என்றாள்.
"மரம்தான்," என்றேன்.

கீத் கூட்டிப் பார்த்தார். பதினெட்டாயிரம் பவுண்டு.
"கான்கிரீட் இறுகின பிறகு இதையே செய்தால்?"
பேனா மூடியைக் கடித்தபடி
ஜன்னலைப் பார்த்தார். மழைதான்.

செர்ரி வேலியோரம் போனது.
திருத்திய அட்டவணையில்
ஐந்துக்கு அப்புறம் ஏழு.
தட்டச்சுப் பிழையா என்று லீட்ஸிலிருந்து கேட்டார்கள்.
இல்லை என்று ஒற்றை வரியில் பதில் போட்டேன்.

முப்பது வருடம் போகும்.
ஏதோ பிப்ரவரியில், நள்ளிரவு தாண்டி,
பம்பில் ஈரத்துணி சிக்கும்.
ஒருத்தி வருவாள், தரைமட்டத்தில் நின்றபடி
சங்கிலியை இழுத்துத் திட்டுவாள்:
குளிரை, சம்பளத்தை,
லாரியின் பக்கக் கண்ணாடியில் உரசும் கிளையை,
வேலியோரம் மரம் வைக்கச் சொன்ன முட்டாளை.

திட்டட்டும்.