ஒரு டஜனுக்கு மூன்று குறை

ஆறு மணிக்கு நான் எழுந்துவிடுவேன்.
என் கைகள் எழ ஏழரை ஆகும்.
அதுவரை
முழங்கையால் ரேடியோவைத் தட்டிவிட்டு
வெந்நீர்த் தொட்டியில் அவற்றைக் கிடத்தி
இரண்டு செய்திகளுக்குக் காது கொடுப்பேன்.

முதலாவது, கடல்.
ஃபோவோ நீரிணையில் தென்மேற்குக் காற்று,
அலை நான்கு மீட்டர்,
பிற்பகலில் தணியலாம்.
ஆர்ச்சி படகை எடுப்பதா வேண்டாமா
என்பது அதில் இருக்கிறது.

இரண்டாவது, வெலிங்டன்.
மருந்துக் குழு கூடியது.
மருந்துக் குழு கூடிக் கலைந்தது.
இன்வர்கார்கில் மூட்டு மருத்துவர் வேலையை விட்டார்;
அடுத்தவர் வரும்வரை
டனீடனுக்கு இரண்டரை மணி நேரம் பஸ்.
புதிய ஊசி பரிசீலனையில் உள்ளது.
இந்தச் செய்தியில்
தணியலாம் என்ற சொல் வந்ததே இல்லை.

பதினோரு வருடமாகக் கேட்கிறேன்.
பரிசீலனை என்றால் எத்தனை குளிர்காலம்
என்று என்னால் சொல்ல முடியும்.
மூன்று.
தேர்தல் வந்தால் இரண்டு.

எங்கள் வீட்டில் எந்த மூடியும் இறுகியிருக்காது.
கிளம்பும் முன் ஆர்ச்சி
ஜாம், ஊறுகாய், மாத்திரைப் புட்டி
எல்லாவற்றையும் அரைச்சுற்று தளர்த்திவிட்டுப் போவான்.
அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
விஷயம் தெரியாத அவன் தங்கை ஒருநாள்
பீட்ரூட் ஜாடியை மூடியைப் பிடித்துத் தூக்கினாள்.
சமையலறையில் கொலை விழுந்ததுபோல் ஆயிற்று.
துடைக்கக் குனிய முடியாத நான்
நாற்காலியில் உட்கார்ந்து
கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

திங்கட்கிழமை மாத்திரை.
செவ்வாய்க்கிழமை என்னிடம் யாரும்
மீன் என்று வாயெடுக்கக் கூடாது.
(வேலை பார்ப்பதோ சிப்பிக் கூடத்தில்.)
புதன்கிழமை மறுபடி மனுஷி.
வாரத்தில் ஐந்து நாள் எனக்கே எனக்கு.
மோசமில்லை.

கத்தியை வைத்து ஆறு பருவம் ஆகிறது.
நாளுக்கு நூற்றிருபது டஜன் திறந்த கை.
ஓட்டின் பொருத்தில் முனையை நுழைத்து ஒரு திருப்பு;
இன்னமும் தூக்கத்தில் என் மணிக்கட்டு திரும்பும்.
இப்போது டவிட்டா திறக்கிறான்,
நான் எண்ணி டப்பாவில் இடுகிறேன்.
பன்னிரண்டு என்றால் மூடி.
பதினொன்று என்றால் மூடி கிடையாது.

ஏப்ரலில் ஒரு விடியலில்
காற்று நிலவரத்துக்கும் முன்னால் அது வந்தது.
புதிய ஊசிக்கு அரசாங்கமே பணம் தரும்.
கைகூடிவிட்டது என்று
ஆளில்லாத வீட்டில் சத்தமாகச் சொன்னேன்.
வெந்நீருக்குள் விரல்கள்
கூடாமல்தான் கிடந்தன.

செவிலி லூபே ஒவ்வொரு மூட்டாக அழுத்திப் பார்த்தாள்.
"குறைந்தது பன்னிரண்டு வீங்கியிருக்கணும், மோராக்.
விதி அப்படி."
சுட்டுவிரல், நடுவிரல், மணிக்கட்டு, முழங்கை.
ஒன்பது.
இன்னொரு முறை எண்ணினாள்.
என் தொழிலே எண்ணுவது;
ஒன்பதுதான் என்று எனக்குத் தெரியும்.
கால்விரல்களைச் சேர்க்க வழியுண்டா என்று தேடினாள்.
கால் கணக்கில் வராதாம்.

காற்று முகத்தில் அறைய அறைய
தினமும் மேட்டுப் பாதையில் நடந்தேன்.
சிகரெட்டை விட்டேன்.
ஒரு திங்கள்கூடத் தவறவிடவில்லை.
அத்தனையும் சேர்ந்து
மூன்று மூட்டுகளைக் காப்பாற்றித் தந்தன.
அந்த மூன்றும் இப்போது
எனக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன.

"ஜூலையில் வந்து பாருங்கள்," என்றாள் லூபே,
"குளிரில் எண்ணிக்கை கூடலாம்."
சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.
பரவாயில்லை என்றேன்.
எனக்கும் ஒரு நொடி
அந்த ஆசை வந்துபோனது.

டவிட்டாவிடம் சொன்னபோது
அவன் ஒன்றும் பேசவில்லை.
ஒன்பது சிப்பி போட்ட டப்பாவை அழுத்தி மூடி
என் பைக்குள் வைத்தான்.
அன்று செவ்வாய்க்கிழமை.
ஆர்ச்சி நின்றபடியே ஒன்பதையும் தின்றான்,
நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இரவில் குழுவுக்குக் கடிதம் எழுதினேன்.
ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம்.
டைப் செய்து தருகிறேன் என்றான், விடவில்லை.
ஐயா, அம்மா,
நான் எண்ணத் தெரிந்தவள் என்று தொடங்கினேன்.
முடிவில் என் பெயர்
கோட்டை விட்டிறங்கிக் கோணலாக ஓடியது.
அடியில் ஒரு வரி சேர்த்தேன்:
இணைப்பு, கையெழுத்து.