பதினைந்து கிலோ

எங்கள் மண்டியில் பதினைந்து கிலோ என்றால்
ஒரு கிரேடு தக்காளி.
விமானக்காரனும் அதே கணக்கைச் சொன்னதில்
மாதையனுக்கு ஒரு திருப்தி.
ஏலம் தொடங்குமுன், விடியற்காலை,
பாலக்கோடு மண்டித் தராசில் ஏற்றி நிறுத்தார்
எங்கள் பெட்டியை.
பதினாறு நானூறு.
சுமைக்காரர்கள் சுற்றி நின்று பார்க்க
அவர் வேட்டி இரண்டும்
என் சேலை ஒன்றும் வெளியே வந்தன.
மகளுக்குக் கேழ்வரகு மாவு,
மகனுக்குப் புளி:
அவற்றில் யாரும் கை வைக்கவில்லை.

சண்டிகரில் இருபத்தியொரு நாள்.
சிவரஞ்சனியோடு நான் கட்டிலில்,
பேரனோடு அவர் கூடத்தில்.
எங்களுக்குள் சொல்ல இருந்ததையெல்லாம்
குழந்தையின் தலைக்கு மேலாகச் சொல்லிக்கொண்டோம்.
"வெந்நீர் ஆச்சு."
"மாத்திரை போட்டாச்சு."

பிறகு லே.
தினகரன் பணம் கட்டிய டூர்.
ரத்து செய்தால் ஒரு ரூபாய் திரும்பாது என்றான்,
அதனால் போனோம்.
இறங்கியதும் டூர்க்காரப் பையன்
கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னான்:
இங்கே காற்று மெலிசு.
இன்றைக்கு முழுக்கப் படுத்தே இருங்கள்.
மாடி ஏறாதீர்கள், குளிக்காதீர்கள்,
பேச்சைக்கூடக் குறையுங்கள்.

முப்பத்திரண்டு வருஷத்தில்
பகலில் படுக்கச் சொன்னவர் எங்களுக்கு
யாருமில்லை.
தக்காளி விலை எட்டாத அந்த ஊரில்
இரண்டு கம்பளிக்கு அடியில்
மூச்சை எண்ணிக் கிடந்தோம்.
சன்னலில் ஒரு செடிகூட இல்லாத மலை,
நம் ராயக்கோட்டைப் பாறையை எடுத்து
யாரோ நிறுத்தத் தெரியாமல் அடுக்கிக்கொண்டே போனதுபோல.

"மூச்சு விட முடியுதா?" என்றார்.
"ம்."
பத்து நிமிஷம் கழித்து,
"இப்போ?"
"ம்."
அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

மறுநாள் ஏரிக்குக் கூட்டிப்போனார்கள். நீலமாக இருந்தது.
அதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல
என்னிடம் ஒன்றுமில்லை.

புனேயில் மறுபடியும் அப்பா, அம்மா.
புது வீட்டில் எங்களுக்கென்றே ஓர் அறை,
இரண்டு ஒற்றைக் கட்டில்,
நடுவில் இஸ்திரி மேசை.
மருமகள் தங்கம். எல்லா வேலையும் அவளே செய்தாள்.
என் கைகளை எங்கே வைப்பதென்று
பதினோரு நாளும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது
பக்கத்துப் பக்கத்து இருக்கைக்கு
ஆளுக்கு முந்நூற்றைம்பது கேட்டார்கள்.
"இறங்கினா ஒரே வீட்டுக்குத்தானே போறோம்,"
என்று சொல்லிவிட்டார் மாதையன்.
அவர் ஒன்பதாம் வரிசை.
நான் இருபத்திரண்டு.

இடையில் இருந்த தலைகளுக்குள்
அவர் உச்சி வழுக்கையைக் கண்டுபிடித்தேன்,
மண்டி வெயிலில் கன்றியது, தப்பாது.
விமானம் குலுங்கியது.
பெல்ட் விளக்கு எரிந்தது.
வழுக்கை திரும்பிப் பாதி முகமானது,
தேடியது, கிடைக்காமல்
மறுபடி வழுக்கையானது.

கொஞ்ச நேரத்தில் ஒரு கடலைப் பொட்டலம்
கை மாறிக் கை மாறி வந்தது.
மடிக்கணினிக்காரனிடமிருந்து மருதாணிக் கைக்கு,
தூங்குகிறவரின் தோளுக்கு மேலாக,
நடைபாதை தாண்டி ஒரு சிறுமிக்கு.
மராத்தியிலோ கன்னடத்திலோ ஏதோ சொல்லி
என்னைக் காட்டிச் சிரித்தார்கள்.
என்னிடம் சேர்ந்தபோது
பொட்டலம் பிரிந்திருந்தது,
பாதிதான் இருந்தது.
வழியில் யார் தின்றார்களோ.
அவராகவும் இருக்கலாம்.

"ம்," என்றேன்
பதிமூன்று வரிசைக்குப் பின்னாலிருந்து,
உப்பு ஒட்டிய வாயோடு.

ராயக்கோட்டையில் டவுன் பஸ்.
எனக்கு டிக்கெட் இல்லை, அவருக்கு உண்டு.
பெட்டிக்கும் ஒன்று கிழித்தார் கண்டக்டர்.
"பதினஞ்சு கிலோகூட இல்லைய்யா,
மண்டிக்கு வா, நிறுத்துக் காட்டறேன்!"
படிக்கட்டுப் பக்கம் நின்று
மாதையன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது.
என் பக்கத்து இடத்தில்
கைப்பையை வைத்தேன்.
"ஆள் வருது, ஆள் வருது" என்று
கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன்.