ஒன்பதாவது சாவு

அந்தப் படத்தில் நான் ஒன்பது முறை சாகிறேன்.
காவலாளியாக இரண்டு முறை,
கடற்கொள்ளையனாக ஐந்து,
பாதிரியார் வேடமிட்ட ஒற்றனாக ஒன்று,
கடைசியில் கோமகனாக.
மீசைதான் மாறும். பசை ஒன்றுதான்.

கொல்பவள் எப்போதும் எர்சிலியா.
டுரின் நகரத் தொப்பிக் கடையில் பெட்டி சுமந்தவள்.
ஐந்தடிக்கும் குறைவு.
சரவிளக்கில் தொங்கியபடி
மூன்று பேரின் கால்சட்டை வாரை
ஒரே வீச்சில் அறுப்பாள்
(நடுவில் நிற்பவன் நான்).

திரையில் எழுத்து வரும்:
"கயவனே, என் வாள் இரக்கம் அறியாது!"
அன்று அவள் சொன்னது:
"கௌதென்சியோ, மீசை விழுது, பிடி."

படம் வந்த வாரம்
நானும் காசு கொடுத்துப் போய் உட்கார்ந்தேன்.
பியானோக்காரர்
குதிரை வருமுன்பே குளம்போசை வாசித்தார்.
மூன்றாம் வரிசையில்
பொத்தான் ஆலைப் பெண்கள் நால்வர்,
பிறவியிலேயே காது கேளாதவர்கள்,
எழுத்து வருமுன்பே சிரித்தார்கள்.
மீசைக்குச் சிரித்தார்கள்.
இயக்குநரின் பரம்பரையை அவள் திட்டிய இடத்தில்
ஒருத்தி கையுறையைக் கடித்துக்கொண்டாள்.
முந்நூறு பேர் கொட்டகையில்.
வசனம் கேட்டது அந்த நாலு பேருக்குத்தான்.

கடைசிக் காட்சி, போ ஆற்றுப் பாலம்.
கீழே மணல் படகில் நான், கோமகன்.
மேலே கைப்பிடிச் சுவரில் அவள்.
"மூன்று என்றதும் குதிப்பேன்,
அதற்குள் இடப்பக்கம் நகர்ந்துவிடு"
என்றுதான் பேச்சு.
ஆற்றிரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.
மனசுக்குள் எண்ணினேன்.
நகர்வதற்குள் வந்து விழுந்தாள்,
வாளும் பூட்ஸும் ஆளுமாக.
காறை எலும்பு முறிந்தது.
கேமரா கைப்பிடி சுற்றிக்கொண்டே இருந்தது.
கொட்டகை அதிரச் சிரிக்கும் இடம் அதுதான்.

எட்டு மாதமாய்
என் எண்ணிக்கைதான் தப்பென்று
வைத்தியரிடம் சொன்னேன், வீட்டில் சொன்னேன்,
எர்சிலியாவிடம் மன்னிப்புகூடக் கேட்டேன்.
பெருந்தன்மையாய் மன்னித்தாள்.

விளக்கு போட்டதும் அந்த நால்வரிடம் போனேன்.
பாலம் என்று கையால் வளைத்துக் காட்டி,
உதட்டைத் தொட்டு, என்ன என்றேன்.
கையுறைக்காரி என் தோள்கட்டைப் பார்த்தாள்,
முகத்தைப் பார்த்தாள்,
டிக்கெட்டின் பின்புறம் பென்சிலால் எழுதினாள்:
ஒன்று. இரண்டு.
பிறகு, யோசித்து,
"மூன்று சொல்லவே இல்லை."

அடுத்த காட்சிக்கும் இருந்துவிட்டேன். அவர்களும்தான்.
பாலம் வந்தது. உதடு அசைந்தது, ஒருமுறை, இன்னொரு முறை.
அவள் குதிக்குமுன்பே
எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது.
முன்னால் இருந்தவர் திரும்பி
"உஷ்" என்றார்,
ஊமைப் படத்துக்கு.
காறை எலும்பு குத்தியது.
மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு கை
இருட்டில் உயர்ந்து
இரண்டு விரல் காட்டியது.