ஐந்தரைக்குப் பூட்டுகிற இடம்

கந்தரோடையில் ஓர் அறை, இரண்டு இரவுக்கு.
மின்விசிறி உண்டு, நுளம்புவலை உண்டு,
வெந்நீர் கேட்டால் சத்தியரூபன் சிரிப்பான்.
பின்யன்னலுக்கு அப்பால் கம்பிவேலி,
வேலிக்கு அப்பால் பனை,
பனைகளின் கீழே அவை.

பகலிலேயே பார்த்துவிட்டேன்.
முழங்காலளவு சில, இடுப்பளவு சில,
இரண்டு மூன்று என் தலையைத் தாண்டும்.
முருகைக்கல்;
கடலுக்குள் ஒருகாலம் உயிரோடிருந்த கல்.
தெற்கிலிருந்து வந்த பேருந்து
வெள்ளை உடுத்த நாற்பது பேரை இறக்கி,
பூ வைக்க விட்டு, படம் எடுக்க விட்டு,
ஏற்றிக்கொண்டு போனது.
ஐந்தரைக்குப் படலை பூட்டியாயிற்று.

"உதை இரவில எல்லோ பார்க்க வேணும்" என்றான்,
புட்டின்மேல் மீன்குழம்பை ஊற்றியபடி.
"நான் முதல்முதல் பார்த்த பழங்கட்டடமே இரவிலதான்.
இங்கையில்லை. குவாத்தமாலாவில."

காணியை ஈடுவைத்த முப்பத்தெட்டு லட்சம்.
ஏஜென்சிக்காரன் சொன்ன கனடா
மூன்று விமானம், ஒரு லொறி, ஒரு படகு கடந்து
காட்டுக்குள் ஒரு தகரக்கொட்டிலில் நின்றுபோனது.
பதினொரு நாள். ஆறு பேர்.
பகலில் தலை காட்டக்கூடாது.
சோளரொட்டி கொண்டுவரும் பொடியன்
போத்தலை நீட்டி "ஹா" என்பான்.
களைத்துப்போய் மூச்சு விடுகிறான் என்றே
நாலு நாள் நினைத்திருக்கிறார்கள்.
தண்ணீருக்கு அவன் தாயின் மொழியில் அதுதான் பெயர்.

ஒரு சாமத்தில் அவனே கூட்டிப்போனான்.
படி ஒவ்வொன்றும் தொடையுயரம்.
"நல்லூரில கோபுரத்தைக் கீழ நிண்டு கும்பிட்டதுதான்,
ஒருநாளும் உச்சியில ஏறினதில்லை.
அங்க ஏறினன், களவாய், செருப்போட."
மேலே நின்றால்
காடு முழுக்கக் கறுத்த கடல்.
அப்போதுதான் அது முழங்கியது.
ஆறு பேரும் குப்புற விழுந்து
காதைப் பொத்தி, வாயைத் திறந்தபடி.
யாரும் சொல்லவில்லை, உடம்புக்குத் தெரியும்.

குரங்கு.
அந்தக் காட்டுக் குரங்கு அப்படித்தான் கத்துமாம்.
பொடியன் சிரிக்கத் தொடங்கி
இவர்கள் எழும்பாததைக் கண்டு
நிறுத்திக்கொண்டான்.

யார் கட்டினது என்று சைகையில் கேட்க
நெஞ்சைத் தட்டிக் காட்டினான்.
பிறகு கீழே, இருட்டில்,
ரிக்கற் விற்கும் கூண்டைக் காட்டி
வெறுங்கையை விரித்தான்.

பதினொரு மணிக்கு நாங்கள் வேலியோரம் போனோம்.
ரோச் வெளிச்சம் முகத்தில் அடித்தது.
காவலாளி சிங்களத்தில் கேட்டான்,
சத்தியரூபன் சிங்களத்தில் சொன்னான், சரளமாக.
எங்கே பழகினான் என்று நான் கேட்கவில்லை.
மெதிரிகிரியாக்காரனாம், வயது இருபத்துமூன்று,
அவன் வீட்டுக்குப் பின்னாலும் இடிந்த தூண்களாம்,
சின்னனில் அதில் உடுப்புக் காயப்போட்டு அடி வாங்கினானாம்.
பூட்டைத் திறக்கவில்லை.
ரோச்சை மட்டும் அணைத்தான்.

கண் பழகக் கொஞ்சம் நேரம் எடுத்தது.
கட்டியவர் யாரென்று
இரண்டு பேர் கதைக்கத் தொடங்கினால்
தேத்தண்ணி ஆறிப்போகிற ஊர் இது.
நாங்கள் மூன்று பேர். யாரும் கதைக்கவில்லை.
பனையோலை உரசியது.
நிலவில் அவை கட்டடமாகவே தெரியவில்லை எனக்கு.
முதுகுகள்.
குப்புறப் படுத்து
இன்னும் எழும்பாத முதுகுகள்.

"நெல்லியடிப் பொடியன் ஒருத்தன்
எங்களோட வந்தவன்" என்றான், திரும்பி நடக்கையில்.
"ஆத்தில இறங்கினவன்."
அதற்குமேல் நுளம்பைப் பற்றிக் கதைத்தான்,
காலைக்கு இடியப்பமா பாணா என்று கேட்டான்.

பாண் என்றேன்.

விடிய ஐந்து மணிக்குக் கரன்ட் இல்லை.
தொட்டி வெறுமை.
குழாயைத் திருக
உள்ளேயிருந்து காற்று மட்டும் வந்தது:
ஹா.
கையை ஏந்தியபடி
நின்றுகொண்டிருந்தேன்.