கைப்பொதி

படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
செல்லப்பிராணி. உணவு. ஏனையவை.
பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டேன்,
"ஐயா, இது இதிலை எது?"

இளஞ்சிவப்பு உடுப்புக்கூடை.
மேலே நைலோன் வலைத்துண்டு.
உள்ளே ஒரு வான்கோழிச் சேவல்.
பெயரிலே வானம் வைத்திருக்கிறது,
வேலிக்கு மேலே ஒருநாளும் பறந்திராது.
ஒரு கண்ணால் என்னையும்
சென்னை என்று எழுதிய பலகையையும்
மாறி மாறிப் பார்த்தது.

தவக்குலசிங்கம், வயது ஐம்பத்தாறு, மயிலிட்டி.
ரிக்கற்றில் பெயர் அடங்காமல்
தவக்குல என்பதோடு நின்றுவிட்டது.
தெல்லிப்பழை டொக்டர் தந்த கடிதத்தைப்
பொலித்தீன் உறையிலிருந்து எடுத்து விரித்தார்.
இவருக்கு விமானச் சத்தம் ஒவ்வாது,
துணைக்கு ஒரு பிராணி இருப்பது நல்லது.
எந்தப் பிராணி என்று டொக்டர் எழுதவில்லை.
நாய் என்று நினைத்திருப்பார்.

"மகளுக்குப் பேறுகாலம், பிள்ளை.
கப்பலும் இந்த மாசம் ஓடேல்லை.
போகத்தான் வேணும்."

"நாயெண்டால் மேலிடத்திலை கேட்டுப் பாக்கலாம்…"

"நாய் ஓடும், பிள்ளை.
தொண்ணூறிலை எங்கடை நாய்
எனக்கு முதல் பங்கருக்குள்ளை நிண்டது.
இது அப்பிடியில்லை.
மேலை சத்தம் கேட்டால்
இது திருப்பிக் கதைக்கும்."

மேலிடத்தைக் கேட்டேன். மேலிடம் சிரித்தது.
பிறகு கால்நடை வைத்தியர், தனிமைப்படுத்தல்,
இரண்டு நாட்டு முத்திரை என்று நீட்டி
முடியாது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்துச்
சென்னையிலிருந்து வந்தது இறங்கியது.
கண்ணாடிக் கதவு நடுங்குகிற அந்த ஒரு நிமிடம்.
வரிசையில் கதை நின்றது.
அவர் கூடை விளிம்பைப் பிடித்தார்.
நாலு வருசமாய் இங்கே வேலை, இருந்தும்
என் இடது கை மேசைக்கடியில் போய்விடும்,
ஒருவருக்கும் தெரியாமல்.

வலையைத் தள்ளிக்கொண்டு கழுத்து நீண்டது.
களகளகளகள என்று
மூச்சு விடாமல் ஒரு முழு வசவு.
விமானம் இன்னொருதரம் உறுமியது.
இதுவும் விடவில்லை.
பிஸ்கட்டோடு நின்ற ஒரு சின்னவன்
தானும் கத்திப் பார்த்தான்.
தாய் அவன் வாயைப் பொத்தவில்லை.

ஓடுபாதையின் கிழக்குப் பக்கம்
தன் வெங்காயத் தறை கிடந்ததென்று
அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.
காணி உறுதியின் போட்டோக்கொப்பி
அதே பொலித்தீன் உறைக்குள் தெரிந்தது.

சட்டம் சட்டம்தான். ஆனால்
சத்தத்துக்கு எடை கிடையாது.
அவருடைய போனை வாங்கிக் கூடைப் பக்கம் பிடித்து,
மேசையில் ஓங்கித் தட்டித் தட்டி
ஐம்பது விநாடி பதிந்து கொடுத்தேன்.
"பிளைட் மோட்டிலையும் இது வேலை செய்யும் ஐயா."
திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.
என்னையல்ல.

கூடை என் ஸ்கூட்டியின் காலடியில்
வசாவிளானுக்கு வந்தது.
வழியில் ஒரு ட்ராக்டருக்குப் பதில் சொன்னது.
கோயில் ஒலிபெருக்கிக்கும் சொன்னது.
இரவு மின்பிறப்பாக்கி போட்ட வீட்டுக்காரர்
காலையில் வந்து என்னோடு சண்டை பிடித்தார்.

ஒன்பதாம் நாள் அவர் வந்தார்.
பேத்தியாம். மூன்றேகால் கிலோ.
"போன் உதவினதோ?" என்றேன்.
"அது நடுக்கடலிலை செத்துப்போச்சு."
"பிறகு?"
கொஞ்சம் வெட்கப்பட்டார்.
"பிறகென்ன, நானே கத்தினன்.
பக்கத்துச் சீற் மனுசி மணி அடிச்சவ.
வந்த பிள்ளை
ஒண்டும் கேக்காமல் தண்ணி தந்தது."

வலையை விலக்கிக் கையை உள்ளே விட்டு
நெஞ்செலும்பைத் தடவிப் பார்த்தார்.
"என்ன தீன் போட்டனீர்?
மெலிஞ்செல்லோ போச்சு."