பதினெட்டு பிராங்குக்கு ஒரு வரைபடம்

ஓல்டனில், ரயில் நிலையத்துக்குப் பின்புறம்,
இவர்கள் புரோக்கி என்கிற பழஞ்சாமான் கடையில்
அந்தத் தரை பெருக்கும் ரோபோவை எடுத்தேன்.
"ஓடாது" என்று ஒரு துண்டு டேப்பில் எழுதியிருந்தது.
ஓடாது என்றால் என் காதில்
உள்ளே வா என்று விழும்.

செய்த நிறுவனம் போன வருடம் மூடிவிட்டது.
மோட்டாரில் குறையில்லை, பற்றரியில் குறையில்லை.
எங்கோ ஒரு சேர்வர் அணைந்ததால்
இங்கே ஒரு விளக்குமாறு செத்துப்போனது.

என் கொள்கைகள் சபேசனுக்குத் தண்ணிபட்ட பாடு.
பல்பு கடவுச்சொல் கேட்கிற வீட்டில்
இருட்டே மேல்.
திருகாணி இருக்கவேண்டிய இடத்தில் பசை தடவியவன்
கதவே வைக்காமல் வீடு கட்டி
சுவரில் நல்வரவு என்று எழுதியவன்.
வாங்கியவள் திறக்க முடியாத பொருள்
வாடகைப் பொருள்.
ரசீது ஒரு மரியாதைக்கு.
கோப்பி மெஷின் பற்றி மட்டும்
என்னைப் பேசவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை. துளைபோடக் கூடாது, தட்டக் கூடாது,
கீழ்வீட்டு ரூத் ஆமனுக்குச் சுவரெல்லாம் காது.
நல்லவேளை, ஈயம் சத்தமில்லாமல் உருகும்.
ஜன்னலைத் திறந்தேன்.
ஆரே ஆற்றின் மூடுபனி உள்ளே வர
பற்றாசுப் புகை வெளியே போனது.
மூன்று சிறகுத் திருகாணிகள் பதினொன்று.
பன்னிரண்டாவது ஸ்டிக்கருக்கு அடியில்:
கழற்றினால் உத்தரவாதம் இல்லை.
உத்தரவாதம் தந்தவனே இல்லை, போ.

"ஆப்பசைத்த குரங்கு" என்றார் சபேசன்,
தேத்தண்ணியை என் முழங்கை படாத தூரத்தில் வைத்து.

மூன்று கம்பி. ஒன்று தரைக்கு,
ஒன்று பேச, ஒன்று கேட்க.
திரையில் எழுத்துகள் கொட்டத் தொடங்கின,
பூட்டிய வீட்டுக்குள்
யாரோ செருமியது போல.

இதற்குப் புது மூளை எழுதிவைத்தவர்களை
எனக்கு ஊரும் தெரியாது, பேரும் தெரியாது.
ஒருவன் போலந்து, ஒருத்தி சிலி,
இன்னொருவர் தன்னை ஈரப்பூனை என்று மட்டும் சொல்கிறார்.
சம்பளம் இல்லை.
தேர்வடத்தில் கைவைத்தவர்களை
யார் எண்ணினார்கள்?

பழையதை அழிக்குமுன்
பழக்கதோஷத்தில் ஒரு பிரதி எடுத்தேன்.
அதற்குள் ஒரு வீடு இருந்தது.

சாம்பல் புள்ளிகளாய் மூன்று அறை.
மேசைக்கு ஒரேயொரு நாற்காலி.
கூடத்தின் நடுவில், கட்டில் நிற்கக்கூடாத இடத்தில், கட்டில்.
அதைச் சுற்றி யாரோ விரலால் இழுத்த சிவப்புக் கோடு:
இதற்குள் போகாதே.
இருநூற்றுப் பதினாறு நாள் அது போகவில்லை.
பிறகு ஒரு வியாழக்கிழமை கோடு அழிந்திருந்தது.
கட்டில் இல்லை.
கட்டில் நின்ற இடத்தையும்
மற்ற இடம் போலவே
பெருக்கிவிட்டுப் போயிருக்கிறது.

எல்லாம் திறந்திருக்கவேண்டும் என்று
வாய் ஓயாமல் சொல்கிறவள் நான்.
மடிக்கணினியைச் சாத்தினேன்,
தட்டாமல் ஒரு கதவைத் திறந்துவிட்டவள் போல.

"என்ன, பிழைச்சிட்டுதோ?" என்று கேட்டார் சபேசன்.
அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு பொருள்.
இரண்டுக்குமாக
ஓம் என்றேன்.

பிரதியை அழித்தேன். குப்பைக்கூடையையும் காலிசெய்தேன்.
இப்போது அது எங்கள் கட்டிலுக்கு அடியில் நுழைந்து
ஒற்றைக் காலுறையை இழுத்துக்கொண்டு வருகிறது.
எங்கள் வீட்டின் வரைபடம்
எங்கள் வாசற்படி தாண்டாது.
என்றைக்காவது இதைப் புரோக்கிக்குத் திருப்பிக் கொடுத்தால்
ஒரு துண்டு டேப்பில் எழுதுவேன்:
ஓடும்.
எதுவும் ஞாபகமில்லை.